நெற்றியில் ஓர் எண்ணெய்த் துளி

சென்ற அமர்வின் கேள்வி நேரத்தில் ஒருவர் கேட்டார்: "எல்லாரும் இயேசுவைத்தானே கும்பிடுறியள், பிறகு ஏன் இத்தனை சபை?" இறையியல் படித்தவர்கள் இதற்கு வேறு விதமாகப் பதில் சொல்வார்கள். நான் தாதி. நோயாளியின் கட்டிலருகே நான் பார்க்கும் ஒரு பொருளை வைத்தே சொல்கிறேன்: எண்ணெய்.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம், 5ஆம் அதிகாரம், 14ஆம் வசனம். நோயுற்றவர் சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்பது அதன் பொருள். இந்த 'மூப்பர்' யார்? கத்தோலிக்கருக்கு அவர் குருவானவர். ஏழு திருவருட்சாதனங்களில் இதுவும் ஒன்று, குரு மட்டுமே கொடுக்கலாம். 1520இல் லூத்தர் இதை மறுத்தார். அருட்சாதனத்தைக் கிறிஸ்துவே ஏற்படுத்தியிருக்க வேண்டும், ஓர் அப்போஸ்தலருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார். 1551இல் திரெந்து சங்கம் பழைய நிலைப்பாட்டையே உறுதி செய்தது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையாருக்கு ஞானஸ்நானம், திருவிருந்து இரண்டே அருட்சாதனங்கள். நோயாளியிடம் போதகர் வந்து வேதம் வாசித்து ஜெபிப்பார். பெந்தெகொஸ்தே சபையாரோ அதே யாக்கோபு வசனத்தைச் சொல்லி, சுகம் கேட்டே எண்ணெய் பூசுவார்கள்.

சைவ நண்பர்களுக்குத் திருநீறு நினைவு வரலாம். சம்பந்தர் திருநீறு பூசிப் பாண்டியனின் வெப்புநோயைத் தீர்த்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. ஆனால் திருநீற்றை அம்மாவே பிள்ளையின் நெற்றியில் பூசிவிடலாம். கத்தோலிக்க எண்ணெய் அப்படியல்ல, அதற்குக் குருவின் கை வேண்டும். அந்தக் கை நேரத்துக்கு வராவிட்டால்?

இங்கே மிசிசாகாவில் நான் அடிக்கடி பார்க்கும் துயரம் இதுதான். எங்கள் ஊரில் இதற்கு 'அவஸ்தைப்பூசுதல்' என்று பெயர். சுவாமியாரைக் கூப்பிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். "அம்மா பயந்துபோவா" என்று பிள்ளைகள் தள்ளிப்போடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை 'நோயில் பூசுதல்' என்று அழைப்பதே கூடுதல் பொருத்தம் என்றது. 1972இல் ஆறாம் பவுல் சடங்கையே மாற்றினார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசினார்கள், இப்போது நெற்றியும் கைகளும் போதும். (கையில் ஊசி ஏற்றியிருந்தால் நாங்கள் இடம் காட்டிவிடுவோம்.) பெரிய சத்திரசிகிச்சைக்கு முன் பெறலாம், முதுமையில் தளர்ந்தவர் பெறலாம், நோய் கூடினால் மறுபடியும் பெறலாம்.

நினைவு தப்பியவருக்கும் பூசலாம், ஆனால் அவரால் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, நற்கருணை வாங்க முடியாது. உயிர் போனபின் பூசுவதே இல்லை. சுவாமியார் வந்து இறந்தவருக்காக ஜெபிப்பார், அவ்வளவுதான். விடியப்புறம் மூன்று மணிக்கு இதை ஒரு மகளிடம் சொல்வது எளிதல்ல.

தாய் கத்தோலிக்கர், மகன் பெந்தெகொஸ்தே என்ற குடும்பங்களும் இங்கே உண்டு. "சுவாமியார் தேவையில்லை, நாங்கள் ஜெபிக்கிறம்" என்பான் மகன். அவன் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நான் கட்டிலில் இருப்பவரிடம்தான் கேட்பேன். அவர் பேசக்கூடிய நாளிலேயே கேட்பேன்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது சமயம் என்ன என்று கேட்டால், வெறுமனே 'கிறிஸ்தவர்' என்று சொல்லி விடாதீர்கள். எந்தச் சபை என்றும் சொல்லுங்கள். இரவில் யாரை அழைப்பது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.