சின்னஞ்சிறு வண்டியின் யன்னல் வெளிச்சம்

ஹம் நகரிலிருந்து எமது ஊன்ட்றொப்பினூடாக லிப்போர்க் நோக்கிச் செல்லும் பழைய புகையிரதப் பாதையை மாணவர்கள் பலர் அறிவீர்கள். பழங்காலப் பெட்டிகளைத் தொண்டர்கள் பேணி ஓட்டிவந்த பாதை அது. ஜேர்மனியரின் இந்தப் புகையிரதப் பற்று வீட்டு மேசை மீதும் ஏறிவிடுகின்றது. கோப்பிங்கன் நகரில் 1859 இல் தோன்றிய மேர்க்லின் நிறுவனம், 1891 இல் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தில் ஓடும் விளையாட்டுப் புகையிரதத்தைக் காட்சிக்கு வைத்தது. இன்று பலரும் விரும்பும் 'ஹா-நுல்' அளவு, மெய்யான வண்டியின் 87 இல் ஒரு பங்காகும்.

இச்சிறு பெட்டிகளுக்கு உயிர் தருவது உள்விளக்கு என்றே நாம் கருதுகின்றோம். தண்டவாளத்திலுள்ள மின்சாரம் சில்லுகளின் வழியாகவோ, அடியில் உராயும் தகட்டின் வழியாகவோ பெட்டிக்குள் ஏறிக் கூரையின் கீழுள்ள எல்.ஈ.டி. விளக்குகளை எரிக்கின்றது. பழைய முறையில், வண்டியின் வேகத்தைக் குறைக்க மின்னழுத்தத்தைக் குறைப்பர். விளக்கும் உடன் மங்கும். நிலையத்தில் நிற்கும் வண்டி இருண்டு கிடப்பது எவ்வளவு பொருத்தமற்றது! இலக்கமுறைக் கட்டுப்பாட்டில் தண்டவாளத்தில் மின்னழுத்தம் எப்போதும் உள்ளமையால், நின்ற வண்டியும் ஒளிரும். தண்டவாளத் தூசியால் விளக்கு சிமிட்டாதிருக்க, சிறிதளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கொள்ளளவி ஒன்றையும் பொருத்துவர்.

விளக்கேற்றியவுடன் ஒரு குறை வெளிப்படும். மெல்லிய பிளாஸ்திக் சுவரினூடாகவும் ஒளி கசிந்து, பெட்டி முழுவதும் கடதாசிக் கூடு போல ஒளிரும். சுவரின் உட்புறத்தில் கறுப்புத் தீந்தை பூசினால் ஒளி யன்னல்களால் மட்டுமே வெளிவரும். பழங்காலப் பெட்டிக்கு நீலம் கலந்த வெண்ணொளி ஒவ்வாது. மஞ்சள் சாயலே அழகு. கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் இரு சிவப்பு விளக்குகளும் வேண்டும்.

இனி, படமெடுக்கும் முறை. பிளாஷ் வெளிச்சத்தை முதலில் நிறுத்திவிடுங்கள். அது பாய்ந்த கணமே யன்னலின் சிற்றொளி மறைந்து, பிளாஸ்திக்கின் பளபளப்பு மட்டுமே எஞ்சும். கமராவை முக்காலியிலோ, புத்தக அடுக்கிலோ அசையாமல் வைத்து, ஒளியுணர்திறனை 100 ஆகவும், துவாரத்தை எஃப் 11 ஆகவும் அமையுங்கள். துவாரம் சிறிதாயின் அருகிலுள்ள பெட்டியும் தொலைவிலுள்ள பெட்டியும் தெளிவாக விழும். ஆனால் ஒளி மெதுவாகவே சேருமாதலால் 8 அல்லது 10 வினாடி திறந்திருக்க வேண்டும். விரல் பட்டு நடுங்காதிருக்கத் தானியங்கிப் பொத்தானைப் பயன்படுத்துங்கள். அவ்வேளையில் ஒருவர் கைவிளக்கை மேற்கூரைக்குக் காட்டிச் சுவரில் தெறிக்கும் ஒளியை ஒரு வினாடி மட்டும் விழச்செய்தால், கூரையின் விளிம்பு இருளிலிருந்து பிரிந்து தெரியும். ஓடும் வண்டியை எடுத்தால் யன்னல்கள் ஒளிக்கோடாக நீளும். அதுவும் ஓர் அழகே.

ஹம்பேர்க் நகரில் 2001 இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வொண்டர்லாண்ட் காட்சியகத்தில், ஒரு முழு 'நாள்' 15 நிமிடங்களில் கழிந்து இரவு வருகின்றது. அங்கு செல்வோர் அந்த இருளுக்காகக் காத்திருந்து படமெடுத்துப் பார்க்கலாம்.

பெற்றோர்களே, கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் சென்ற இரவுத் தபால் வண்டியின் யன்னல் வெளிச்சத்தை எம்மில் எத்தனை பேர் படமாக வைத்திருக்கின்றோம்? 1990 இல் நின்ற யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்டோபரில் மீண்டது. இடையில் இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வெறும் கதையே. அவ்வண்டியை மட்டையால் செய்து பார்க்கலாம். இலங்கைத் தண்டவாளத்தின் அகலம் 1676 மில்லிமீற்றர், ஜேர்மனியில் 1435. ஆகவே 87 இல் ஒரு பங்காக்கினால் 16.5 அன்று, 19.3 மில்லிமீற்றர் வரும். கடைத் தண்டவாளம் பொருந்தாது. ஓடாவிட்டாலும் மின்கலத்தால் ஒளியூட்டிப் படமெடுக்கலாம். இருக்கை எந்த நிறம், யன்னற் பலகை எவ்வாறு இறங்கியது, விளக்கு எவ்வளவு மங்கல் என்பவற்றை அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கேட்டெழுதிய பின்னரே தீந்தையைக் கையில் எடுங்கள்.