கல் கிடந்த இடம்

சபாவில் செம்போர்ணாவுக்குப் பக்கத்தில் புக்கிட் தெங்கோராக் என்றொரு குன்று. அங்கே தோண்டிய தொல்லியலாளர்களுக்குச் சட்டி ஓடுகளோடு கறுப்பாக மின்னும் சில்லுகளும் கிடைத்தன. எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடியாய் இறுகிய அப்சிடியன் அது. உடைந்த விளிம்பு சவரக்கத்தியைப் போல வெட்டும்.

ஒவ்வோர் எரிமலையின் அப்சிடியனிலும் ருபீடியம், ஸ்ட்ரோன்ஷியம், சிர்கோனியம் போன்ற தனிமங்கள் வெவ்வேறு விகிதத்தில் இருக்கும். எக்ஸ்ரே பாய்ச்சி அதை அளந்தால் எந்த மலையின் கல் என்று சொல்லிவிடலாம். தெங்கோராக் சில்லுகளில் பல, பாப்புவா நியூகினியைச் சேர்ந்த நியூ பிரிட்டன் தீவின் தலாசியாவிலிருந்து வந்தவை. தூரம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். அதுவும் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே! தொல்லியலாளர் பீட்டர் பெல்வுட்டும், பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சியாவும் இதை ஆராய்ந்தார்கள். பானைகளை உள்ளூர்க் களிமண்ணில் வனைந்த மக்கள், வெட்டுவதற்குக் கடல்கடந்து வந்த கல்லை வைத்திருந்தார்கள். எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

அமெரிக்காவின் நெவாடா பாலையிலும் பழங்கால வேடர்கள் எவ்வளவு தூரம் அலைந்தார்கள் என்பதை இதே முறையில்தான் கணிக்கிறார்கள். ஆனால் கல் வந்த தூரமெல்லாம் ஆளும் நடந்தான் என்று முடிவுகட்டக் கூடாது. கைமாறிக் கைமாறியும் வந்திருக்கலாம். சுற்றிலும் கிடக்கும் கழிவுச் சில்லுகளைப் பார்த்துத்தான், கருவியை அங்கேயே செதுக்கினார்களா, செதுக்கியதைக் கொண்டுவந்தார்களா என்று ஊகிக்க முடியும்.

இதைச் சிரம்பான் வட்டாரத் தோட்டத்து மக்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. தீபகற்பத்தில் மண்ணைக் கிளறும்போது வழவழப்பான கற்கோடரிகள் தட்டுப்படுவது உண்டு. இடியோடு விழுந்தவை என்று நம்பி மலாய்க்காரர்கள் அவற்றைப் 'பத்து லிந்தார்' என்பார்கள். அவை பெரும்பாலும் அப்சிடியன் அல்ல, வேறு வகைப் பாறை. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இன்ன பாறை என்று தெரியும். ஆனால் எந்த மண்ணில் கிடந்தது என்பதை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. எடுத்தவர் சொன்னால்தான் உண்டு. கழுவித் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்த கல்லுக்குப் பாதி வரலாறு போய்விடுகிறது.

செம்பனை மறுநடவுக்குக் குழி தோண்டும்போது அப்படியொன்று கண்ணில் பட்டால், எடுக்குமுன் படம் பிடியுங்கள். எந்த நிரை, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் ஓடோ கரியோ கிடந்ததா என்று எழுதிவையுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்குத் தகவல் சொல்லவேண்டியது கண்டெடுத்தவரின் கடமை.