மோரியில் விட்ட தண்ணீர் எங்கே போகிறது?

காலையில் குளித்து, பாத்திரம் துலக்கி, துணி அலசி நாம் மோரியில் விடும் தண்ணீர் எங்கே போகிறது? "கட்டர்லதான் போகுது, வேற எங்க?" என்பார்கள் வீட்டில். கட்டருக்குப் பிறகு நடப்பதையும் மும்பைத் தமிழர்களாகிய நாம் தெரிந்துகொள்வது அவசியம். நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவியை ஒட்டித்தான் மித்தி நதி மாஹிம் கழிமுகத்தை அடைகிறது.

விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் தொடங்கி சுமார் 18 கிலோமீட்டர் ஓடிவரும் நதி அது. வழியெல்லாம் நாலாக்கள் அதில் கலக்கின்றன. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, வீடுகளுக்குள் புகுந்தது வெறும் மழைநீர் அல்ல, சாக்கடையும் சேர்ந்துதான்.

சாக்கடையால் நதி எப்படிச் சாகிறது? கழிவை நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கின்றன. கழிவு மிஞ்சினால் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடியும், நாற்றம் கிளம்பும்.

அதே நுண்ணுயிர்களை வேலைக்கு வைத்துக்கொள்வதுதான் சுத்திகரிப்பு நிலையம். முதலில் கம்பிச் சல்லடை பிளாஸ்டிக், துணிகளைத் தடுக்கும். பிறகு மணல் படியும். அடுத்த தொட்டியில் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகிக் கழிவைத் தின்றுவிடும். பின்னர் சேறு அடியில் தங்க, தெளிந்த நீரைக் கிருமிநீக்கம் செய்து வெளியேற்றலாம்.

மும்பையில் நெடுங்காலம் இந்த வேலை அரைகுறையாகவே நடந்தது. வர்லி, பாந்திராவில் சல்லடையும் மணல் நீக்கமும் முடிந்ததும், கழிவைக் குழாய் வழியே மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் கடலில் விட்டார்கள். இப்போது ஏழு புதிய நிலையங்களுக்கான திட்டம் நடக்கிறது. 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மொத்தத் திறன் நாளொன்றுக்கு 246.4 கோடி லிட்டர். அதில் தாராவி நிலையத்தின் பங்கு 41.8 கோடி லிட்டர்.

ஆனால் நிலையம் கட்டினால் மட்டும் போதுமா? சந்துக்குள்ளிருந்து குழாய் அங்கே போய்ச் சேர வேண்டுமே! குழாயில் சேராத கழிவு நாலாவுக்கும், நாலா வழியே நதிக்கும்தான் போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூடிய சாக்கடையிலும் செப்டிக் டாங்கிலும் காற்று இல்லாமல் கழிவு அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகின்றன. பின்னது அழுகிய முட்டை நாற்றம் உடையது. அளவு மிகுந்தால் முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நொடிதான் ஆளைக் கொல்லும் நொடி. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும், அடுத்த முறை நம் சொசைட்டியில் அடைப்பு எடுக்கும்போது, "மிஷின் வருதா, ஆளை இறக்கப் போறாங்களா?" என்று கமிட்டியில் ஒரு கேள்வி கேளுங்கள். நாம் விட்ட தண்ணீருக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை உயிர் விடக் கூடாது.