ஓடத் தொடங்கி நின்றுவிடும் நீரிறைக்கும் இயந்திரம்

கோடை காலத்திற் கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்யும் கமக்காரருக்கு நீரிறைக்கும் இயந்திரமே வலது கை போன்றது. வெங்காயத்தின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. மேல்மண் காய்ந்ததும் பயிர் வாடத் தொடங்கும். நெற்பயிரும் குடலைப் பருவந் தொடங்கிப் பூத்து முடியும் வரை நீர்க்குறைவைத் தாங்காது. இத்தகைய வேளையில் இயந்திரம் ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் நின்றுவிடுமாயின், கயிற்றை மீண்டும் மீண்டும் இழுத்துக் களைப்பதனாற் பயனில்லை. காரணத்தை முறையாக ஆராய்தல் வேண்டும்.

ஓடத் தொடங்கிய இயந்திரத்தில் தீப்பொறியும் அமுக்கமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகவே எண்ணெயும் காற்றும் செல்லும் வழியையே முதலிற் பார்த்தல் நன்று. இயந்திரம் எப்பொழுது நிற்கின்றது என்பதே காரணத்தைக் காட்டும்.

மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் நின்றால்

பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களிற் பொதுவாகக் காணப்படும் குறை இதுவாகும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. இயந்திரம் நன்கு சூடேறு முன் மாற்றினால் அது எரியாது நின்றுவிடும். எனவே சில நிமிடங்கள் பெற்றோலில் ஓடவிட்டு, குழாயில் நீர் ஒழுங்காக வரத் தொடங்கி இயந்திரம் சூடேறிய பின்னரே மாற்ற வேண்டும். இறைப்பு முடியுந் தறுவாயில் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினால், காபரேற்றரிற் பெற்றோலே தங்கி நிற்கும். மறுநாள் எளிதாகத் தொடங்கலாம்.

எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர ஒயிலுடன் கலப்பதும் உண்டு. ஒயிலின் மட்டம் உயர்ந்து மண்ணெண்ணெய் மணம் வீசினால் உடனே ஒயிலை மாற்றுக. பெற்றோலுக்கென மட்டும் செய்யப்பட்ட இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இடலாகாது.

சோக்கைத் திறந்ததும் நின்றால்

சோக்கு மூடியிருக்கும்போது ஓடி, திறந்ததும் நின்றால் இயந்திரத்துக்குப் போதிய எண்ணெய் கிடைக்கவில்லை என்பது பொருள். நெடுநாள் தங்கிய பெற்றோல் பசைபோலாகிக் காபரேற்றரின் நுண்டுளையை அடைத்துவிடுகின்றது. எண்ணெயை அடைத்துவிட்டுக் காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அழுக்கையும் நீரையும் அகற்றுக. ஜெற்றைக் கழற்றிப் பெற்றோலிற் கழுவிக் காற்றடித்துச் சுத்தஞ் செய்யலாம். ஊசியோ உருக்குக் கம்பியோ கொண்டு குத்துதல் கூடாது. துளை பெருத்தால் எண்ணெய் வீணாகும்.

ஜெற் சுத்தமாயிருந்தும் குறை நீங்காவிடின், காபரேற்றர் இயந்திரத்துடன் பொருந்தும் இடத்தைப் பார்க்க. அங்குள்ள வாசர் கிழிந்தோ சுரையாணி தளர்ந்தோ இருந்தால் காற்று உட்புகுந்து எண்ணெய்க் கலவையைக் கெடுக்கும்.

இதற்கு மாறாக, கரும்புகை விட்டு நின்றால் எண்ணெய் மிகுதியாகவும் காற்றுக் குறைவாகவும் செல்கின்றன. சோக்கு முற்றாகத் திறக்கின்றதா எனவும், காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டுள்ளதா எனவும் பார்க்க வேண்டும். பிளக்கிற் கரி படிந்திருந்தால் அதனையுந் துடைத்து, இடைவெளியைக் கைந்நூலிற் குறித்த அளவில் வைக்க வேண்டும். பல சிறிய இயந்திரங்களுக்கு அது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை ஆகும்.

சில நிமிடங்கள் ஓடி நின்றால்

தாங்கியின் மூடியிற் காற்றுப் புகுவதற்குச் சிறு துளையுண்டு. அது அடைபட்டால் எண்ணெய் இறங்காது. இயந்திரம் நின்றதும் மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு மீண்டும் இழுத்துப் பார்க்க. அவ்வாறு செய்தபின் தடையின்றி ஓடுமாயின் துளையைச் சுத்தஞ் செய்தாற் போதும்.

அதுவன்றாயின் காபரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் போத்தலில் எண்ணெயைப் பிடித்துப் பார்க்க. ஓட்டம் மெலிந்தால் வடிகட்டியில் அடைப்புண்டு. போத்தலின் அடியில் தனிப்படையாக ஏதேனும் தங்கினால் அது நீராகும். தாங்கியை முழுவதும் வடித்துத் துடைக்க வேண்டும்.

ஒயில் குறைந்ததும் தானாகவே நிற்கும் அமைப்புச் சில இயந்திரங்களில் உண்டு. இவற்றைச் சரிவான வரம்பில் வைத்தாலும் நிற்கக்கூடும். சமநிலத்தில் வைத்து ஒயிலை அளந்து பார்ப்பது நன்று.

எண்ணெய் சரியாக வந்தும் சூடேறியபின் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடுமாயின், நின்ற உடனே தீப்பொறி வருகின்றதா எனச் சோதிக்க வேண்டும். அப்போது பொறி வராவிடின் தீப்பொறிச் சுருள் பழுதுற்றிருக்கலாம். இதனைத் திருத்துநரிடம் காட்டுவதே முறை.

கவனிக்க வேண்டியவை

எண்ணெய்ப் பகுதிகளைக் கழற்றுமுன் இயந்திரம் ஆறவேண்டும். பிளக்கின் வயரை அகற்றவேண்டும். அருகில் விளக்கோ சுருட்டோ இருத்தலாகாது.

நீர்மட்டம் தாழ்ந்துவிட்டதென்று இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுதல் உயிருக்கு ஆபத்தாகும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது கிணற்றினுள் தேங்கி, இறங்குபவரை அறியாமலே மயக்கிக் கொன்றுவிடும். நின்றுபோன இயந்திரத்தை ஓடச் செய்ய ஒருவர் இறங்க, அவரைத் தூக்க மற்றொருவர் இறங்குவதால் இருவரும் மாள நேரிடும். நீர் எட்டாத கிணற்றுக்கு மின்சாரத்தில் இயங்கும் நீர்மூழ்கிப் பம்பியே தகுந்தது.

போகம் முடிந்தபின் தாங்கியை வடித்து, காபரேற்றரில் எஞ்சிய எண்ணெய் தீரும்வரை இயந்திரத்தை ஓடவிட்டு வைத்தல் வேண்டும். இச்சிறு வேலையைச் செய்து வைக்கும் கமக்காரர், அடுத்த போகத்தில் பயிர் வாடும் வேளையிற் கயிற்றை இழுத்துக் களைக்கமாட்டார்.