அனிமே நாயகர்களின் மனத்துயரில் தங்களைக் காணும் இளைஞர்கள்

புதுதில்லி: ஜப்பானிய அனிமே தொடர்களைக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் என்றே நம் வீடுகளில் பெரியவர்கள் பலர் கருதுகின்றனர். ஆனால், அத்தொடர்களில் இளைஞர்கள் நெஞ்சில் நிலைத்துவிட்ட பாத்திரங்கள் பல, எதிரிகளை எளிதில் வீழ்த்தும் வீரர்கள் அல்லர். அச்சம், குற்ற உணர்வு, தனிமை ஆகியவற்றால் அலைக்கழிக்கப்படுபவர்கள்.

அப்பாத்திரங்களின் துயரத்தில் இந்திய இளைஞர்கள் தங்களைக் காண்பது ஏன் என்ற கேள்வி பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2023-ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,71,418 பேரில் 13,892 பேர் மாணவர்கள். 2013-இல் இந்த எண்ணிக்கை 8,423. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 65 சதவீதம் அதிகரித்துள்ளது.

பெருகிய ரசிகர்கள்: அனிமேக்களை மட்டுமே ஒளிபரப்பும் அனிமேக்ஸ் அலைவரிசை 2004-இல் இந்தியாவுக்கு வந்தபோது, அதன் ரசிகர் வட்டம் சிறியது. 2019-இல் நிலைமை மாறியிருந்தது. மகோடோ ஷின்காய் இயக்கிய "வெதரிங் வித் யூ' திரைப்படத்தை இங்கும் திரையிடக் கோரி ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனு அனுப்பினர், அந்த ஆண்டு அக்டோபரில் படம் வெளியானது. 2025 செப்டம்பரில் வெளியான "டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' படம் தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டு வந்தது.

மத்திய அரசும் இந்த வளர்ச்சியைக் கவனித்துள்ளது. மும்பையில் 2025 மே மாதம் தகவல் ஒலிபரப்புத் துறை நடத்திய "வேவ்ஸ்' மாநாட்டில் அனிமே, மாங்கா போட்டியும் இடம்பெற்றது. ஆனால், அரசின் கவனம் முழுவதும் தொழில் வளர்ச்சி, வேலைவாய்ப்பு ஆகியவற்றின் மீதே உள்ளது. அக்கதைகளில் இளைஞர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதில் இல்லை.

அஞ்சிய சிறுவன்: மனத்துயரைக் கருப்பொருளாகக் கொண்ட அனிமேக்களில் முன்னோடியாகக் குறிப்பிடப்படுவது, ஹிதேயாகி அன்னோ இயக்கிய "நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்'. 26 பகுதிகள் கொண்ட இத்தொடர் 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை டிவி டோக்கியோவில் ஒளிபரப்பானது. கோபே நிலநடுக்கமும், டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுத் தாக்குதலும் நிகழ்ந்து ஜப்பான் நிலைகுலைந்திருந்த ஆண்டு அது. பொருளாதார வீழ்ச்சியின் சுமையும் சேர்ந்திருந்தது.

கதையின் நாயகன் ஷின்ஜி, 14 வயதுச் சிறுவன். பல ஆண்டுகளாகத் தன்னைப் பிரிந்திருந்த தந்தை அழைத்ததால் வருகிறான். வந்ததும், பிரம்மாண்டமான போர் இயந்திரம் ஒன்றில் ஏறிப் போரிடுமாறு உத்தரவிடப்படுகிறான். அவன் மறுக்கிறான். உடனே, படுகாயமடைந்த ஒரு சிறுமி படுக்கையோடு அவன் முன் கொண்டுவரப்படுகிறாள். அவன் ஏறாவிட்டால் அவள் ஏற வேண்டும். வேறு வழியின்றி ஷின்ஜி ஏறுகிறான்.

தேர்வு மதிப்பெண்ணை வைத்தே தன் தகுதி அளக்கப்படுவதாக உணரும் மாணவனுக்கு இக்காட்சியை எவரும் விளக்கத் தேவையில்லை. அன்பும் அங்கீகாரமும் வேண்டுமானால் சொன்னதைச் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை அவனுக்குப் பழகியது. ஷின்ஜியின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று தொடர் இகழவில்லை. அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது.

இத்தொடரை உருவாக்குவதற்கு முன்பு அன்னோ தாமே பல ஆண்டுகள் மனச்சோர்வில் செயலற்றுக் கிடந்தவர். 2012-க்குப் பிறகு அந்நோய் மீண்டும் தம்மைத் தாக்கியதாக 2015-இல் வெளிப்படையாகத் தெரிவித்தார். கதை வரிசையின் நிறைவுப் படம் 2021 மார்ச்சில் வெளியானது. பேச்சற்றுப்போன ஷின்ஜி, ஒரு கிராமத்தில் பழைய நண்பர்களிடையே மெல்ல மீள்வதை அப்படம் விரிவாகக் காட்டுகிறது. அங்கு அவனை அவசரப்படுத்துவோர் குறைவு. 1995-இல் "இயந்திரத்தில் ஏறு' என்று விரட்டப்பட்டவனுக்கு, 26 ஆண்டுகள் கழித்து அவகாசம் தரப்படுகிறது.

முகங்களில் பெருக்கல் குறி: நவோகோ யமாடா இயக்கிய "எ சைலன்ட் வாய்ஸ்' (2016) திரைப்படத்தின் நாயகன் ஷோயா, தொடக்கப் பள்ளியில் செவித்திறன் குறைபாடுள்ள மாணவியைக் கொடுமைப்படுத்தியவன். பழி முழுவதும் தன் மீது சுமத்தப்பட்டதும் அவனே ஒதுக்கப்படுகிறான். வளர்ந்த பின்னும் குற்ற உணர்வு அவனை விடவில்லை. உயிர் வாழவே விரும்பாத நிலைக்குச் செல்கிறான். அவன் கண்களுக்கு எதிரே வருவோர் முகங்கள் எல்லாம் பெருக்கல் குறியால் மறைக்கப்பட்டுத் தெரிகின்றன. யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாத ஒருவரின் அகநிலையை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் உணரும்படி அந்த ஒரு குறி உணர்த்திவிடுகிறது.

உலகப் புகழ் பெற்ற "நருடோ' தொடரிலும் இதே இழை உண்டு. ஊரே அஞ்சி ஒதுக்கிய காரா என்ற சிறுவன் கொடூரனாகிறான். அவனை எதிர்கொள்ளும் நருடோவும் ஊரால் ஒதுக்கப்பட்ட அநாதையே. எதிரியிடம் தன் தனிமையையே அவன் காண்கிறான். இருவருக்குமான பகை தணிவதற்கு அதுவே வழி திறக்கிறது.

பார்வையாளருக்கு நேர்வதும் இதுதான். "எனக்கு மட்டுமே இப்படி' என்று எண்ணியிருந்த ஒன்று, இன்னொருவருக்கும் நேர்வதைக் காண்கிறார். சொல்லத் தெரியாமல் இருந்த வேதனைக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் கிடைக்கின்றன. "எனக்கு மனச்சோர்வு' என்று வீட்டில் சொல்லத் தயங்கும் ஒருவரால், "நான் ஷின்ஜியைப் போல் இருக்கிறேன்' என்று நண்பரிடம் சொல்லிவிட முடிகிறது.

கலை மருந்தாகுமா?: எனினும், அடையாளம் காண்பது வேறு, குணமடைவது வேறு. இக்கதைகள் பிறந்த ஜப்பானே இதற்குச் சான்று. அங்கு தற்கொலைகளின் மொத்த எண்ணிக்கை 2003-இல் இருந்த 34,427 என்ற உச்சத்திலிருந்து 2024-இல் 20,320 ஆகக் குறைந்தது. 2006-இல் இயற்றப்பட்ட தற்கொலைத் தடுப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்த திட்டங்களும் இதில் பங்காற்றின. ஆனால், அதே 2024-இல் பள்ளி மாணவர் தற்கொலைகள் 529 என்ற புதிய உச்சத்தைத் தொட்டன. மனத்துயரைப் பேசும் அனிமேக்கள் மிகுந்த நாட்டில்கூட, பள்ளியிலும் வீட்டிலும் கேட்கும் செவிகள் போதவில்லை என்பதையே இது காட்டுகிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டறிந்தது. பெரும்பாலான மனநலப் பாதிப்புகளில், சிகிச்சை பெறாதோர் 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தனர்.

சட்டம் உண்டு, ஆள் இல்லை: மனநலப் பாதுகாப்புச் சட்டம் மாநிலங்களவையில் 2016 ஆகஸ்டிலும், மக்களவையில் 2017 மார்ச்சிலும் நிறைவேறியது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல சேவைகளில் சிகிச்சை பெறுவதை அது உரிமையாக்கியது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றது. 2022 அக்டோபரில் "டெலி-மானஸ்' தொலைபேசி ஆலோசனை சேவை (14416) தொடங்கப்பட்டது. தற்கொலை மரணங்களை 2030-க்குள் 10 சதவீதம் குறைக்கும் இலக்குடன் தேசிய உத்தியும் அதே ஆண்டு நவம்பரில் வெளியிடப்பட்டது.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனி வகுப்புகளாகப் பிரிப்பதும், பிறர் முன் அவமானப்படுத்துவதும், சக்திக்கு மீறிய இலக்குகளைச் சுமத்துவதும் கூடாது என்பவை அவற்றில் சில. தந்தை முன்னும் அலுவலர்கள் முன்னும் ஷின்ஜி நிறுத்தப்பட்ட காட்சியை அறிந்தவர்களுக்கு, நீதிமன்றம் எதைத் தடுக்க முனைகிறது என்பது எளிதில் புரியும்.

அந்த ஆலோசகர் பணியிடங்களுக்கு நிதியை யார் தருவது, எத்தனை பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் அவை நிரப்பப்பட்டன என்பவை, நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவைகளிலும் ஆண்டுதோறும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி அதனினும் எளியது. பிள்ளை விரும்பிப் பார்க்கும் தொடரில் எந்தப் பாத்திரம் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று பெற்றோர் கேட்கலாம். தன்னைப் பற்றிப் பேசத் தயங்கும் பிள்ளையும் அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேசக்கூடும். குறுக்கிடாமல் கேட்டால், பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதும் அதில் இருக்கலாம்.