24 பிட் பாட்டு... காதுக்குக் கேட்குமா, டேட்டாவைக் காலி செய்யுமா?

மியூசிக் ஆப்களின் செட்டிங்ஸில் '24 பிட் லாஸ்லெஸ்' என்று ஓர் ஆப்ஷன் இருக்கும். ஆன் செய்தால் டேட்டா மளமளவெனக் கரையும். பாட்டு அந்த அளவுக்கு மாறுமா?

இந்த பிட் பஞ்சாயத்து சி.டி காலத்திலேயே நடந்தது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து சி.டி-யை உருவாக்கியபோது, 14 பிட் போதும் என்றது பிலிப்ஸ். 16 வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது சோனி. ஜெயித்ததும் சோனிதான். கையில் 14 பிட் சிப்பைத் தயாராக வைத்திருந்த பிலிப்ஸ், 'ஓவர்சாம்ப்ளிங்' என்ற உத்தியால் சமாளித்து, தன் முதல் பிளேயரில் அதையே பொருத்தியது தனிக்கதை!

இரண்டு பிட்டுக்கா இவ்வளவு சண்டை? சி.டி-யில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதுகிறார்கள். அளக்கும் ஸ்கேலில் எத்தனை கோடுகள் என்பதே பிட் கணக்கு. 14 பிட்டில் 16,384 கோடுகள். 16 பிட்டில் 65,536. இரண்டு கோடுகளுக்கு நடுவே விழும் ஒலியை, பக்கத்துக் கோட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தச் சின்னப் பிழைதான் இரைச்சலாகக் கேட்கிறது. ஒரு பிட் கூடினால் பிழை பாதியாகும். இரைச்சல் சுமார் 6 டெசிபல் இறங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பிழை பாட்டோடு சேர்ந்தே ஏறி இறங்கினால், மெல்லிய இடங்களில் கரகரவென்று உறுத்தும். அதனால் இன்ஜினீயர்களே வேண்டுமென்று துளி இரைச்சலைக் கலக்கிறார்கள். 'டிதர்' என்று பெயர். கரகரப்பு போய், காது கண்டுகொள்ளாத சீரான 'உஸ்ஸ்' மட்டும் மிஞ்சும்.

16 பிட்டில் உச்ச சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி சுமார் 96 டெசிபல். நள்ளிரவில் அமைதியான படுக்கையறையிலேயே 30 டெசிபல் சத்தம் இருக்கும். அதைத் தாண்டி சி.டி-யின் இரைச்சல் கேட்க, பாட்டின் உச்சத்தை 126 டெசிபலுக்கு ஏற்ற வேண்டும். பாட்டு கேட்க காது மிஞ்சாது!

அப்படியானால் 24 பிட் வீணா? ஸ்டுடியோவில் இல்லை. பாடகர் திடீரென உச்சஸ்தாயிக்குப் போனால் பதிவு உடைந்துவிடும். பிறகு சரிசெய்வது பெரும்பாடு. அதனால் லெவலைத் தாழ்த்தியே பதிவு செய்வார்கள். கணக்குப்படி 144 டெசிபல் இடைவெளி தரும் 24 பிட்டில், பிறகு ஏற்றினாலும் இரைச்சல் எட்டிப்பார்க்காது.

ப்ளூடூத் இயர்பட்ஸ்காரர்களுக்கு ஒரு தகவல். பெரும்பாலான இயர்பட்ஸுக்குப் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்புகிறது போன். ஆப்பில் 24 பிட் என்று மின்னினாலும், காதுக்கு வருவது லாஸ்லெஸ் அல்ல.