எத்தாளையில் கேமிங் கணினி: யூபிஎஸ்ஸும் பொருந்த வேண்டும்

எத்தாளையிலிருந்து கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிப் பாகங்கள் வாங்குபவருக்கு, ஒரு பாகம் பொருந்தாவிட்டால் மீண்டும் ஒரு நாள் பயணம். ஆகவே பட்டியலை வீட்டிலேயே சரிபார்ப்பது நல்லது.

முதலில் புரொசசர். ஏஎம்டியின் ஏஎம்5 புரொசசருக்கு ஏஎம்5 சொக்கெட் உள்ள மதர்போர்ட் வேண்டும். அதில் டிடிஆர்5 ரேம் மட்டுமே வேலை செய்யும். கைவசமுள்ள டிடிஆர்4 ரேமைச் செருகவே முடியாது.

அடுத்தது கிராபிக்ஸ் காட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 தனியே 575 வாட் வரை இழுக்கும். 1000 வாட் பவர் சப்ளையை அந்த நிறுவனமே பரிந்துரைக்கிறது. காட்டின் நீளமும் சுமார் 30 சென்ரிமீற்றர். கேசிங்கில் அதற்கு இடமுண்டா என அளந்து பாருங்கள்.

பலர் மறப்பது மின்தடையை. 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருளில் மூழ்கியபோது, இதே கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையமும் செயலிழந்தது. அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது. சாதாரண 650 விஏ யூபிஎஸ் இத்தகைய கணினியைத் தாங்காது. விஏ என்பது வாட் அல்ல. யூபிஎஸ் தரும் வாட் அதைவிடக் குறைவாகவே இருக்கும். வாங்கும்போது வாட் அளவையே கேளுங்கள்.

கடைசியாக, உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலருகே கணினியை வைக்காதீர்கள். யூபிஎஸ்ஸுக்குப் பணம் போதாவிட்டால், ஒரு படி குறைந்த கிராபிக்ஸ் காட்டை வாங்குவதே புத்திசாலித்தனம்.